பொய்க்கிற உரிமை வானத்துக்குத்தான்

வாடா பேராண்டி, உட்காரு. மல்லாட்டை பொய்த்துப் போச்சுன்னு கடைத்தெரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியறியாமே? வானூர்ல பொறந்தவனாச்சே, வானத்து மேல பழியைப் போட உனக்குச் சொல்லியா தரணும்!

பொய்க்கிறதுன்னா என்ன தெரியுமா? வரேன்னு நம்ப வச்சுட்டு வராம போறது. மழை பொய்க்கும். ஜோசியக்காரன் சொன்னது பொய்க்கும். தேர்தல்ல குடுத்த வாக்கும் பொய்க்கும். அது நமக்குப் பழகிப்போச்சு. உன் மல்லாட்டை உனக்கு என்னடா வாக்கு குடுத்துச்சு? நீ போட்டது டி.எம்.வி. 7. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்து நிலக்கடலை ரகம். பக்கத்து ஊர் விதையோட பேரை ஏன் கெடுக்கறே?

உன் காயை உடைச்சுப் பார்த்தேன். தோடு கொழுகொழுன்னு இருக்கு, உள்ளே பருப்பைக் காணோம். அதுக்குப் பேரு பொக்கு. விதைச்ச 40, 45-ஆம் நாள்ல ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண்ணை அணைச்சியா? வேர் உறிஞ்சற சுண்ணாம்புச்சத்து காய்க்கு வந்து சேராதுடா. மண்ணுக்குள்ள இறங்கின காயே நேரா எடுத்துக்கணும். நீ அந்த நேரத்துல டீக்கடையில உட்கார்ந்து நாட்டுக்கு யோசனை சொல்லிக்கிட்டிருந்தே. நாட்டுக்குச் சத்து ஏறியிருக்கும், காய்க்கு ஏறல.

இன்னொண்ணு. எதையும் அவசரப்பட்டு 'புஸ்ஸுனு போச்சு'ன்னு சொல்லாதே. 2024 கார்த்திகையில ஃபெஞ்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? புயலாகும்னாங்க, ஆகாதுன்னாங்க. நீயும் உன் கூட்டாளிங்களும் இதே திண்ணையில, 'புஸ்ஸு'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிகிட்டக் கரையேறி, மயிலத்துல ஒரே நாள்ல ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்துச்சு. அன்னிக்கு வானம் பொய்க்கல, உங்க வாய்தான் பொய்த்துச்சு.

இப்போ புதுசா 'ஊத்திக்கிச்சு'ன்னு ஒண்ணு பிடிச்சிருக்கீங்க. படமும் ஊத்திக்கிச்சு, பரீட்சையும் ஊத்திக்கிச்சு. குடத்தைச் சாய்ச்சவன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, தண்ணி தானா ஊத்திக்கிச்சுன்னு சொல்ற மாதிரிதான் இதுவும். சாமர்த்தியமான பேச்சுடா, பேசறவன் மேல ஒரு சொட்டு ஈரம் படாது.

அதனால கேட்டுக்க. வரவேண்டியது வரலேன்னா பொய்த்துச்சு. பார்க்க லட்சணமா இருந்து உள்ளே ஒண்ணுமில்லேன்னா பொக்கு. அது காய்க்கு மட்டும் சொல்ற சொல்லு இல்ல, சில ஆளுங்களுக்கும் பொருந்தும். நீ ஏன் முகத்தைத் திருப்பிக்கறே? நாம செய்யவேண்டியதைச் செய்யாம போனா, 'கெடுத்துட்டேன்'னு சொல்லணும். அந்தச் சொல்லுதான் ஒருத்தன் வாயிலயும் வரமாட்டேங்குது.

அடுத்த பட்டத்துல ஜிப்சத்தைப் போடு. அப்பவும் விளையலேன்னா இங்கே வா. ரெண்டு பேரும் சேர்ந்தே வானத்தைத் திட்டலாம்.