ஏழு கிலோ கௌரவம்

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவரைத் தமிழ் எப்போதோ பழமொழிக்குள் பிடித்துப் போட்டுவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கரையில் ஜயண்ட் முயல் வளர்ப்பவர் அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. முயலின் கால் விஷயத்தில் விட்டுக்கொடுப்பார். கால் கிலோ விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். கல்லடியிலோ ஆரையம்பதியிலோ வேலியால் எட்டிப் பார்த்து, “என்ன மச்சான், ஆட்டுக்குட்டியா?” என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறே வேண்டாம். முயலைத் தூக்கி, முன்னங்கால்கள் தோளில் கிடக்க, பின்பக்கத்தைக் கையால் தாங்கி, பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு, “ஏழு கிலோ. மறுகா பாருங்க, இன்னும் ஏறும்” என்பார். இதை வெறும் பீற்றல் என்று ஊர் சிரிக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிலோக்கணக்கு ஒரு திரை. அவர் அதற்குப் பின்னால் பாசத்தை ஒளித்து வைத்திருக்கிறார்.

ஏனென்றால், பெரிய முயலைத் தேர்ந்தெடுக்க இந்த மண்ணில் வேறு நியாயமே கிடையாது. பிளெமிஷ் ஜயண்ட் என்பது பெல்ஜியத்தின் கென்ட் நகரப் பக்கத்துக் குளிரில், இறைச்சிக்கும் தோலுக்குமாகப் பெருக்கப்பட்ட இனம். ஆறேழு கிலோ அதற்குச் சாதாரணம். முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் இறக்க வேண்டும். உடம்பு பருக்கப் பருக்க அது இன்னும் சிரமம். 20 பாகைக்குள் சுகமாக இருக்கும் பிராணி 30ஐத் தாண்டினால் மூச்சிரைக்கத் தொடங்கும். கம்பிவலைத் தரையில் விட்டால் சொந்தப் பாரமே பாதத்தைப் புண்ணாக்கும். பலகையும் பாயும் போட வேண்டும். ஆயுளும் சின்ன இனங்களைவிடக் குறைவு. வெயில், தீனி, இடம், ஆயுள் என்று எந்தத் தராசில் வைத்தாலும் சின்ன முயல்தான் வெல்லும். ஆனால் உள்ளங்கையில் அடங்கும் முயலை மீசை வைத்த மனிதர் கொஞ்சினால் ஊர் கேலி பண்ணும். ஏழு கிலோவைத் தூக்கி அணைத்தால் அது தேகப்பயிற்சி.

‘அப்படியில்லை, இது வியாபாரம்’ என்று அவரே மறுப்பார். பெண் முயல் ஏறக்குறைய 31 நாளில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஏழெட்டு என்று கொப்பியில் பெருக்கிக் காட்டுவார். அந்தக் கணக்குப்படி அடுத்த தைப்பொங்கலுக்குள் அவர் கோடீஸ்வரர். வாங்க ஆள் வந்தால்தான் கணக்கு உதைக்கும். வீட்டில் நாய் இருக்கிறதா, கூடு நிழலில் இருக்குமா என்று பெண் கொடுப்பவர்போல விசாரிப்பார். ‘கறிக்கு’ என்று வாய்தவறிச் சொன்னவருக்குப் படலை திறக்காது. இறைச்சிதான் நோக்கம் என்றாலும் கணக்குச் சரிவராது: பண்ணைக்காரர்கள் நாடுவது நடுத்தர அளவுள்ள நியூசிலாந்து வெள்ளையைத்தான். ஜயண்டில் இறைச்சியோடு ஒப்பிட்டால் எலும்பு அதிகம். புகழுக்காக என்றால் அதுவும் கைக்கெட்டாது. 2010இல் இங்கிலாந்தின் டேரியஸ் என்ற முயல் 129 சென்ரிமீற்றர் நீண்டு கின்னஸில் ஏறிவிட்டது. காவலுக்கென்றும் சொல்ல முடியாது. மீனே பாடும் ஊரில், கள்ளன் வந்தாலும் வாய் திறக்காத பிராணி இது.

ஒரு மறுப்பு மட்டும் கொஞ்சம் கனமானது: பாசமுள்ளவர் குளிர்நாட்டு உயிரை இந்த வெக்கைக்குள் கொண்டுவருவாரா? கொண்டுவந்தது பிழைதான்; அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் அந்தப் பிழைக்கு அவர் கட்டும் வட்டியைக் கச்சான் காலத்தில் பார்க்க வேண்டும். காய்ந்த காற்று அனலாக வீசும்போது முயல் தீனியைக் குறைக்கும், நிறை இறங்கும். நிறைதான் பெருமை என்றால் இத்தோடு அவர் கைவிட்டிருக்க வேண்டும். மாறாக, தண்ணீரை உறையவைத்த போத்தல் கூட்டுக்குள் போகிறது, கூட்டின் மேல் ஈரச்சாக்கு விழுகிறது, வீட்டாரின் முணுமுணுப்போடு விறாந்தைக்கு ஃபேன் இடம்பெயர்கிறது. ஈரக்கையால் காதைத் தடவித் தடவி அவர் பக்கத்திலேயே குந்தியிருக்கிறார். தராசு கட்டிலுக்கடியில் கிடக்கிறது. “இப்ப எத்தனை கிலோ?” என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டால், விரலை உதட்டில் வைத்து, “மெல்லப் பேசுங்க, இப்பதான் கண்ணயர்ந்தது” என்கிறார்.