அப்பத்தாவுக்குச் சிரிப்பு வராத ரமணிகள்

1994-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பிச் செடிகள் கருகிப்போயின. அந்தப் புண்ணியத்தில் பாச்சலூரில் எங்கள் பெரியப்பா வீட்டு மொட்டைமாடியில் டிஷ் ஆன்டெனா ஏறியது. பிரேசிலில் காப்பி செத்தால் எங்கள் கொட்டைக்கு விலை ஏறும். விலை ஏறினால் பெரியப்பாவுக்குக் கை அரிக்கும். அப்பத்தா கேட்டிருந்தது காதுக்குத் தோடு. வந்தது மல்லாந்து கிடக்கிற குடை.

"மழைக்கு ஒதுங்கக்கூட ஆகாத கொட எதுக்குடா?" என்றாள்.

கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் இருந்தது, உண்மைதான். எங்களுக்கும் அதே பழனி மலைதான். ஆனால் நடுவில் நிற்கிற முகடுகளுக்கு உறவுமுறை தெரியாதே! கீழே ஒட்டன்சத்திரத்தில் முகம் தெரிந்த நடிகர்கள் எல்லாம் எங்கள் வீட்டில் புள்ளிகளாகவே வாழ்ந்து மறைந்தார்கள்.

டிஷ் வந்ததும் ஏதோ ஒரு சானலில் பிரிட்டிஷ் குடும்ப நகைச்சுவை ஓடியது. பாஷை ஒருவருக்கும் புரியாது. பின்னாலிருந்து கூட்டமாகச் சிரிப்புச் சத்தம் வரும். அது வந்து அரை நொடி கழித்து நாங்களும் சிரிப்போம். அப்பத்தா மட்டும் கதவிடுக்கைப் பார்த்தாள். "அடுத்த வீட்டுச் சண்டைய ஒளிஞ்சு நின்னு கேட்டுச் சிரிக்கிறது எவண்டா?"

நாங்கள் ஊன்றிப் பார்ப்பதற்குள் அது முடிந்தும் போய்விட்டது. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பருவத்துக்கு ஆறு பகுதி போதும். புகழ்பெற்ற 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, அத்தோடு சரி. அதை ஜான் கிளீஸும் கானி பூத்தும் கணவன் மனைவியாகச் சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். இரண்டாவது ஆறு ஒளிபரப்பாவதற்குள் விவாகரத்தே ஆகிவிட்டது. எழுதுவதை மட்டும் விடவில்லை. பாச்சலூருக்கு இந்த ஆறு கணக்கு ஒத்துவராது. இரண்டைக் கரண்ட் தின்னும், இரண்டை மழை தின்னும். கொல்லைப்பக்கம் காட்டுமாடு வந்துவிட்டால் சின்னப்பா போடுகிற கத்தல் இன்னொன்றைத் தின்னும். மீதி ஒன்றை வைத்துக்கொண்டு யார் யாருக்குப் புருஷன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறகு 1998-ல் 'ரமணி வெர்சஸ் ரமணி' வந்தது. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். பிருத்விராஜும் வாசுகியும் கணவன் மனைவி. இருவர் பெயரும் ரமணி. தமிழில் வீட்டுச் சண்டையை அழாமல் காட்ட முடியும் என்று நிரூபித்த தொடர் அது, என்னைக் கேட்டால். அப்பத்தாவைக் கேட்டால் வேறு. எங்களுக்கு வயிறு வலிக்கும். அவள் வெற்றிலையை மடித்தபடி கவலையில் இருப்பாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னா மாமியாக்காரி யாரத் திட்டுறான்னு எப்புடித் தெரியும்? பொருத்தம் பாத்தவன ஒதைக்கணும்."

2001-ல் இரண்டாம் பாகம் வந்தது. பெயர் அதே ரமணிகள். ஆட்கள் ராம்ஜியும் தேவதர்ஷினியும். அப்பத்தா எழுந்தே நின்றுவிட்டாள்.

"அந்தப் பழைய சோடிய என்னடா பண்ணுனீங்க?"

"நடிக்கிறவங்கள மாத்திட்டாங்கம்மா. பேரு அதேதான்," என்றார் பெரியப்பா.

"ஆள மாத்திப்புட்டு பேர மாத்தலைன்னா ரேசன் கார்டுல யாரு பேரு இருக்கும்?"

பெரியப்பா டிஷ்ஷைத் திருப்பப் போவதாகச் சொல்லி மாடிக்கு ஓடினார்.

2003-ல் 'கோலங்கள்' தொடங்கியதும்தான் அவளுக்கு நிம்மதி. 2009 வரை, 1500 பகுதிகளைத் தாண்டி ஓடிய தொடர்; கதாநாயகி அபி. மலைக்காட்டுக்கு இதைவிடத் தோதானது கிடையாது. காற்றில் மரம் சாய்ந்து நாலு நாள் இருட்டில் கிடந்தோம், நாங்கள் புலம்பினோம். அவள் சிம்னி விளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"கரண்டு மெதுவா வரட்டும்டா. அபி எங்க போயிரப் போறா? விட்ட எடத்துலயேதான் அழுதுக்கிட்டு நிப்பா."