ரயில் இல்லாத ரயில் பாதை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

  ரொம்ப நாளாகக் கடிதம் இல்லையே என்று கோபிக்க வேண்டாம். உட்கார முடிந்தால்தானே எழுத முடியும்? பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் வரை, ஏறக்குறைய 540 கிலோமீட்டர், சைக்கிளிலேயே போய்ச் சேர்ந்தேன்.

“கார் என்னடா ஆச்சு?” என்பீர்கள். கார் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த அமெரிக்காவில் கார் இல்லாதவன் சைக்கிள் ஓட்டினால் கஷ்டகாலம்; கார் இருக்கிறவன் ஓட்டினால் உல்லாசப் பயணம். உங்களோடு அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸில் ஷிப்டு பார்த்தவர்கள் பாடிக்கும் ஆவடிக்கும் தினமும் மிதித்ததைத்தான் இவர்கள் லீவு போட்டு, பின்பக்கம் மெத்தை தைத்த கால்சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு செய்கிறார்கள்.

முதல் 240 கிலோமீட்டர், கம்பர்லேண்ட் ஊர் வரை, பழைய ரயில் பாதை. அதில் ஒரு பெரும்பகுதி 1912-ல் திறந்த வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வேயின் லைன். 1975-ல் அதை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டி இறுக்கி, சைக்கிளுக்கு விட்டுவிட்டார்கள். நம்ம அம்பத்தூர் லைன் இதைவிடக் கிழம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856-ல் முதல் வண்டி போன பாதை. கிழம் இன்னும் படுக்கவில்லை, காலையில் புட்போர்டில்கூட இடம் கிடைக்காது. இங்கே 1983-ல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள்: இப்படி விட்ட பாதையை ரயில்வே பின்னால் வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். நம் ஊரில் எடுக்கப் போனால் அங்கே ஒரு பிள்ளையார் கோயில், நாலு கொடிக்கம்பம், ஒரு பிரியாணிக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நடுவில் 729 மீட்டர் உயரத்தில் ஒரு மேடு. இந்தப் பக்கம் விழுகிற மழை மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும், அந்தப் பக்கம் விழுவது அட்லாண்டிக்குக்கு. எல்லாரும் நின்று போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு நம் தெரு ஞாபகம். அங்கே பெய்கிற மழை எந்தப் பக்கமும் போகாது.

அந்த மேட்டைத் தாண்டியதும் ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கம். அப்புறம் கம்பர்லேண்ட் வரை இறக்கம், மிதிக்கவே வேண்டாம். அங்கே பழைய நேஷனல் ரோடு. 1811-ல் மத்திய அரசு தன் காசில் போட ஆரம்பித்த முதல் பெருஞ்சாலை. பூந்தமல்லி ஹைரோடு பார்த்தவனுக்கு இது என்ன பெரிசு என்று அதில் ஏறினேன். பிறகு இறங்கித் தள்ளினேன். குதிரை வண்டிக்குப் போட்ட ரோடு நேராக மலைமேல் ஏறுகிறது. நீராவி எஞ்சினுக்கு மேடு ஆகாது, அதனால் ரயில் பாதை வளைந்து வளைந்து மெல்ல ஏறும். என் தொப்பையும் நீராவி எஞ்சின் ஜாதி.

ஒருநாள் நல்ல மழை. செயின் முழுக்கச் சுண்ணாம்புச் சேறு, இட்லி மாவு பூசின மாதிரி. வேஸ்ட் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டாக எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மிச்ச எண்ணெயை வழித்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான். பக்கத்தில் ஸ்ப்ரே டப்பாவோடு திண்டாடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெரியவர், எங்கே படித்தாய் என்றார். அம்பத்தூர் என்றேன். ஏதோ யூனிவர்சிட்டி என்று நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

கம்பர்லேண்டுக்கு அப்புறம் வாஷிங்டன் வரை பழைய கால்வாய்க் கரை. கோவேறு கழுதைகள் படகு இழுத்த பாதை. 1924-ல் படகுப் போக்குவரத்து நின்றது. அந்தக் கரையில் கார் ரோடு போடலாம் என்று ஒரு திட்டம் வந்து, பத்திரிகை ஒன்றும் ஆதரித்துத் தலையங்கம் எழுத, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று 1954-ல் அந்தப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். 297 கிலோமீட்டரையும் நடந்தே முடித்தார். ரோடு வரவில்லை, 1971-ல் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆகிவிட்டது. நம் கொரட்டூர் ஏரிக்கரையில் அப்படி ஒரு நீதிபதியை யாராவது நடக்கவிட்டால் தேவலை.

ஒரு விஷயம். சைக்கிள் சமாசாரத்தை அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். ராத்திரி தூங்க மாட்டாள். பிள்ளை வாஷிங்டனுக்கு எப்படிப் போனான் என்று கேட்டால், ரயில் பாதையில் போனான் என்று சொல்லுங்கள். கிட்டத்தட்டப் பாதி பொய்யில்லை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்