தவளைக்கு நாலு பில்லியன்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பிள்ளை படிக்கும் சின்னத் தனியார் பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. தொழில்நுட்ப மேம்பாட்டுக் கட்டணமாம். போன வருடமும் அதே பெயரில் கட்டினோம். அப்போது மேம்பட்டது ஒரு ஸ்மார்ட் போர்டு. இப்போது அதன்மேல் வகுப்பு அட்டவணையை செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

குறை சொல்லக் கூடாது. திறப்பு விழாவுக்கு டத்தோ வந்தார். மாலை, பொன்னாடை, கதவளவு மாதிரிக் காசோலை. அன்றைக்குப் பலகை ஜோராக எரிந்தது. சில மாதத்தில் புரொஜெக்டர் விளக்கு போயிற்று. புது விளக்குக்குப் பட்ஜெட் இல்லை. விளக்கு மாற்றுவதற்கு எந்த டத்தோ வருவார்?

பாவம், பள்ளி என்ன செய்யும்? பெரிய வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 2011-இல் மலேசியக் கல்வி அமைச்சு ஒன் பெஸ்தாரிநெட் திட்டத்தைத் தொடங்கியது. 10,000 பள்ளிகளுக்கு 4ஜி இணையம், கூடவே இணையக் கற்றல் தளம். 13 ஆண்டுகள், மூன்று கட்டங்கள், 4.077 பில்லியன் ரிங்கிட். முதல் கட்டத்துக்கு மட்டும் 663 மில்லியன். தளத்தின் பெயர் ஃபிராக். ஆமாம், தவளை. அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று 2013-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை எண்ணிப் பார்த்தது. 0.01 முதல் 4.69 விழுக்காடு வரை. கிணற்றுத் தவளைகூடத் தன் கிணற்றை முழுசாகச் சுற்றி வரும்.

உடனே நிறுத்தினார்களா? அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். 2019 நடுவில்தான் இழுத்து மூடினார்கள். பதிலுக்கு வந்தது கூகுள் கிளாஸ்ரூம். 2014-லிருந்தே பள்ளிகளுக்கு இலவசமாகக் கிடைத்த சரக்கு.

அடுத்த வருடம் கோவிட் வந்தது. சபாவில் ஒரு மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தில் ஏறி உட்கார்ந்தாள். பில்லியன்களை விழுங்கிய தேசத்தில் இணையம் மரத்தில் காய்த்தது.

பினாங்குக்காரனுக்கு இது கூடுதலாக எரியும். 1972-லிருந்து பயான் லெப்பாஸில் இன்டெல் இருக்கிறது. உலகத்துக் கணினிகளுக்கு இந்தத் தீவிலிருந்து சில்லு போகிறது. அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் வந்தால் நம் பள்ளி. கணினி அறைக்குப் பூட்டு. சாவி தலைமையாசிரியரிடம். அவர் பட்டறைக்குப் போயிருக்கிறார். தலைப்பு, இலக்கவியல் கல்வி.

புதுக் கட்டணத்தைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். மடிக்கணினி எத்தனை வருடம் உழைக்கும்? மென்பொருள் உரிமத்தை வருடா வருடம் யார் புதுப்பிப்பது? வைஃபை படுத்தால் எழுப்ப ஆள் உண்டா? வாங்குகிற அன்றே பழுதுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் என்ன?

நிர்வாகி பொறுமையாகச் சிரித்தார். "அதெல்லாம் அடுத்த கட்டம் ஐயா."

சரி, கட்டணத்தையாவது ஆன்லைனில் கட்டலாமா என்றேன்.

"சிஸ்டம் டவுன். ரொக்கமா கொண்டு வந்துடுங்க."