வெயிலிடம் வாங்கிக்கட்டிக்கொள்வது எப்படி?

முதலில் ஒரு சன்ஸ்கிரீன் வாங்குங்கள். விலை கொஞ்சம் உறைக்க வேண்டும். எஸ்.பி.எஃப். 30 போட்டது, தோலைப் பொசுக்கும் புற ஊதா-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 போட்டது 98 சதவீதத்தை. நீங்கள் அதிலெல்லாம் திருப்திப்படாமல், "100 இருக்கா?" என்று கேளுங்கள். கடைக்காரருக்கும் உங்கள்மேல் ஒரு மரியாதை வரும்.

வாங்கியாயிற்றா? இனி அதைச் செலவழிக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. அந்த எஸ்.பி.எஃப். எண்ணைக் கணக்கிடும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் தாராளமாகப் பூசுகிறார்கள். அந்தக் கணக்குப்படி முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டும். 50 கிராம் டியூப் மூன்று வாரம்கூடத் தாங்காது. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகுமா? ஆகவே விரல் நுனியில் பொட்டளவு எடுத்து நெற்றி, மூக்கு, கன்னம் இரண்டு, தாடை என ஐந்து புள்ளி வைத்து இழுத்துவிடுங்கள். காதும் பிடரியும் செல்ஃபியில் விழாது, விட்டுவிடலாம். ஊரில் பெரும்பாலோர் பூசுவது சொன்ன அளவில் காலோ பாதியோதான் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது, அதனால் கூச்சம் வேண்டாம். டியூபில் போட்ட எண் அப்படியே இருக்கும். முகத்தில் எவ்வளவு மிஞ்சியது என்று மட்டும் கேட்கக் கூடாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசச் சொல்வார்கள். காலை எட்டு மணிக்குப் பூசி, பத்து மணிக்குள் வியர்வையோடு கைக்குட்டையில் துடைத்தெடுத்துவிட்ட பிறகு, பூசியாயிற்று என்ற நம்பிக்கையிலேயே மாலை வரை சுற்றுவதுதான் நம் வழக்கம். அதை மாற்ற வேண்டாம்.

காரில் போகிறவர்களுக்குத் தனி யோசனை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டால் வெயிலே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கண்ணாடி பி கதிரைத்தான் பெருமளவு நிறுத்தும். தோலின் ஆழம்வரை போய்ச் சுருக்கம் விழவைக்கும் புற ஊதா-ஏ கதிர் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகச் சாவகாசமாக உள்ளே வரும், சுடவும் செய்யாது. 28 வருடம் லாரி ஓட்டிய அமெரிக்க முதியவர் ஒருவரின் படம் 2012-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதி முகம் தொங்கி, தடித்து, வரிவரியாகக் கிடந்தது. வலது பாதி பல வருடம் இளையவருடையதாக இருந்தது. நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால், வலது கன்னத்தில் எதிர்பார்த்திருங்கள்.

குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை ஆகியவற்றை அறவே தவிர்க்கவும். அவற்றுக்கு விளம்பரமே கிடையாது, எப்படி நம்புவது? நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள்: புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பித்தான் போட்டு, தலையைச் சுற்றிக் காது மறைய ஒரு துண்டு. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று ஆஸ்திரேலியா 1981-ல் பிரசாரம் தொடங்கிச் சொல்லிக்கொடுத்ததில் மூன்றில் இரண்டை அவர்கள் யாரிடமும் கேட்காமல் செய்கிறார்கள். நமக்கு அது அழகில்லை.

கன்னத்தில் மங்கு வந்துவிட்டதா? தோல் மருத்துவரிடம் போனால், மங்கைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் போடு என்று எதையாவது சொல்வார். மருந்துக்கடையில் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன டியூபைக் கேளுங்கள், காரியம் சுலபம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் முதல் மாதம் முகம் பளபளக்கும், கல்யாண வீட்டில் நாலு பேர் விசாரிப்பார்கள். அதன் பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, வெயிலில் தலைகாட்டினாலே எரியும். நிறுத்தினால் இன்னும் எரியும். இவ்வளவு நேர்த்தியாக முகத்தைக் கெடுக்க வெயிலால்கூட முடியாது.

வெளிச்சத்தை மருந்தாக்குவதிலும் இதே கைக்கணக்கைக் கடைப்பிடியுங்கள். நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கார்போகரிசியில் சோராலன் இருக்கிறது. பூசிய தோலை ஏ கதிருக்குக் கூர்மையாக்கும் சரக்கு அது. வெண்புள்ளிக்கு நம் வைத்தியத்தில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. 1974-ல் பாஸ்டன் மருத்துவர்கள் இதே வகைச் சரக்கை மாத்திரையாகக் கொடுத்து, அளந்த ஏ கதிரைப் பாய்ச்சி, சோரியாசிஸ் மறைவதைக் காட்டினார்கள். நீங்கள் ஏன் அளக்க வேண்டும்? யூடியூபைப் பார்த்து எண்ணெய் காய்ச்சிப் பூசி, உச்சி வெயிலில் அரை மணி நேரம் நில்லுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ கொப்புளம் எழும்பும்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் ஏறி, டாக்டர் நீல விளக்கில் வைக்கச் சொன்னால், வாசல் வெயிலே போதும் என்று பாட்டியை முன்னால் அனுப்புங்கள். பாட்டி சொல்வதில் பாதி உண்மைதான்: 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஒரு தலைமைச் செவிலி குழந்தைகளை வெயிலில் கிடத்தியபோது மஞ்சள் குறைந்ததைக் கவனித்ததிலிருந்துதான் இந்த விளக்கே வந்தது. மீதிப் பாதி, விளக்கில் புற ஊதாக் கதிர் கிடையாது, எவ்வளவு வெளிச்சம் படுகிறது என்பதும் தெரியும். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் மூளைக்கு ஏறும் அளவை நெருங்கிய குழந்தைக்கு வாசல் வெயில் போதாது. இந்த ஒரு விஷயத்தில் விளையாட்டுக்குக்கூட என் பேச்சைக் கேட்காதீர்கள்.

வெண்புள்ளிக்கோ சோரியாசிஸுக்கோ இன்று பெரும்பாலும் தருவது 311 நானோமீட்டர் பி கதிர். நொடிக் கணக்கில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். வாரம் இரண்டு மூன்று தடவை, பல மாதம் போக வேண்டும். சில வாரம் விட்டால் அளவைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்க முடியும். அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றின் தோல்நோய்ப் பிரிவில் இந்தக் கதிரைப் பாய்ச்சும், ஆள் உள்ளே நிற்கும் பெட்டி இருக்கிறது. அதற்குள் நிற்கிறவர்கள் கண்ணுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், கொடுத்த தேதியையும் தவறவிட வேண்டாம்.