தென்னந்தோப்பில் காய்க்கும் சாக்லேட்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் கமர்கட், தேன் மிட்டாய், கடலை மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய் எல்லாம் ஜாடி ஜாடியாக இருக்கும். சாக்லேட் மட்டும் இருக்காது. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வந்தால்தான் அதைக் கண்ணால் பார்க்க முடியும். அப்பா அதைக் கட்டம் கட்டமாக உடைத்து ஆளுக்கு இரண்டு துண்டு தருவார். யாரும் கடிக்க மாட்டோம். நாக்கில் வைத்து, தானாகக் கரையும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உள்ளே சுற்றியிருந்த வெள்ளித்தாளை நகத்தால் நீவிச் சுருக்கமெடுத்து, பாடப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்துவது அக்காவின் வேலை.

கடையில் ஏன் இல்லை என்பது பின்னால்தான் புரிந்தது. சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். நம் உடம்புச் சூடு 37. அந்த ருசியின் சூட்சுமமே இதுதான். ஆனால் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அது எப்படித் தாங்கும்?

இன்று அதே கடையில் குளிர்பெட்டி இருக்கிறது. ஐந்து ரூபாய்க்கே சாக்லேட் கிடைக்கிறது. பிறந்தநாள், தேர்வு முடிவு, தீபாவளி என எல்லாவற்றுக்கும் சாக்லேட் பெட்டிதான். இதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு காலத்தில் மெக்சிகோவின் அஸ்டெக் பிரபுக்கள் மிளகாய் சேர்த்துக் கசப்பாகக் குடித்த பானம் இது. அதைச் செய்யும் கோகோ கொட்டையே அங்கே காசாகப் புழங்கியது. 1828-இல் ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் கொட்டையிலிருந்து வெண்ணெயைப் பிழியும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1847-இல் பிரிஸ்டலின் ஃப்ரை நிறுவனம் கோகோவைக் கடித்துத் தின்னும் கட்டியாக்கியது. 1875-இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பாலைச் சேர்த்தார். அரண்மனைப் பண்டம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கைக்கு வந்தது நல்ல காரியம்தான்.

கோகோ நமக்கு அந்நியமும் அல்ல. 1798-லேயே அம்பாய்னா தீவிலிருந்து வந்த கோகோவைக் குற்றாலத்தில் பயிரிட்டிருக்கிறார்கள். அப்போது அது பரவவில்லை. 1965-க்குப் பிறகு காட்பரி நிறுவனத்தின் முயற்சியால் கேரளத்தில் வேரூன்றியது. இப்போது பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக நிற்கிறது.

அங்கே ஒரு தோப்பில் அறுவடையைப் பார்த்தேன். காய் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. கத்தி பட்டால் விதை கெட்டுவிடும் என்று கட்டையால் தட்டி உடைக்கிறார்கள். உள்ளே சீத்தாப்பழச் சுளை மாதிரி வெள்ளைச் சதை மூடிய விதைகள், முப்பது நாற்பது இருக்கும். சதை புளிப்பும் இனிப்புமாக இருக்கிறது; சாக்லேட் வாசனை மருந்துக்கும் இல்லை. விதைகளை மரப்பெட்டியில் கொட்டிச் சாக்குப் போட்டு மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, அவ்வப்போது கிளறிக் கொடுத்து, வெயிலில் காயப்போட வேண்டும். பெட்டிக்குள் கைவைத்தால் சூடு சுள்ளென்கிறது, காடி நெடி மூக்கில் ஏறுகிறது. இங்கே அவசரப்பட்டால் பிறகு எந்த ஆலையாலும் அந்த மணத்தைக் கொண்டுவர முடியாது.

தோட்டக்காரரிடம், “உங்க கொட்டையில செஞ்ச சாக்லேட்டைத் தின்னு பாத்திருக்கீங்களாங்க?” என்று கேட்டேன்.

“எங்கீங்க! கொட்டைய எடை போட்டுக் குடுத்தா அத்தோட சரிங்க. பேரப் பசங்க கடையில வாங்கித் திங்கறாங்க. அது எந்த ஊருக் கொட்டையோ, யாரு கண்டா?”

அவர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு நாடுகளில் விளைகிறது. 2024-இல் அங்கே விளைச்சல் சரிந்ததும் டன் விலை 10,000 டாலரைத் தாண்டியது. இவருக்கும் நல்ல விலை கிடைத்தது. அடுத்த ஆண்டே இறங்கிவிட்டது. எண்பதுகளில் விலை விழுந்தபோது கேரளத்தில் மரங்களையே வெட்டிப் போட்டார்கள். அது இங்கே நடக்கக் கூடாது.

கடைப் பக்கம் வேறொரு குறை இருக்கிறது. நாக்கில் கரையாமல் மெழுகு மாதிரி ஒட்டும் பல மலிவுப் பண்டங்களில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்புதான் இருக்கிறது. பிள்ளைகள் இதையே சாக்லேட் ருசி என்று நம்பி வளர்வது எனக்குத் தாங்கவில்லை. அடுத்த முறை வாங்கும்போது உறையைத் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் இருப்பதை வாங்குங்கள். நம் ஊர்க் கொட்டையில் செய்தது கிடைத்தால், பத்து ரூபாய் கூடப் போனாலும் அதையே வாங்குங்கள்.