இருத்தலும் இருத்தல் நிமித்தமும்: ஹார்டு டிஸ்க் பற்றி ஓர் ஆராய்ச்சி

முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். போருக்குப் போனவன் கார்காலத்தில் திரும்புவான் என்று தலைவி ஆற்றியிருப்பாள். இத்திணை வழக்கொழிந்து வெகுகாலம் ஆயிற்று என்பாரும் உளர். சென்ற மாதம்வரை அது என் மேசைமேல் உயிரோடு இருந்தது. நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க் கொண்ட பழைய லேப்டாப் அது. வரவேண்டிய தலைவன் டெஸ்க்டாப் திரை, ஆற்றியிருந்தது நான். கருப்பொருள் பில்டர் காபி. பால் முல்லை நிலத்துப் பொருளே ஆகையால் இதில் குற்றமில்லை. முல்லைக்கு மாலையன்றோ சிறுபொழுது, இது காலையாயிற்றே எனின், பொழுது மயங்கி வந்ததெனக் கொள்க.

எஸ்எஸ்டிக்கு மாறினால் இந்த இருத்தல் எவ்வளவு குறையும் என்பதே ஆய்வுக்குரிய வினா. "போட்டுப் பாருங்க சார், பறக்கும்" என்றார் கடைக்காரர். பறத்தல் ஓர் அளவை அன்று.

அளவைக்கு நம் இலக்கணத்திலேயே வழியிருக்கிறது. கண்ணிமைப்பதற்கும் கைநொடிப்பதற்கும் ஆகும் நேரம் மாத்திரை. அதைக் கால் வினாடி என்று வைத்துக்கொண்டால் உரையாசிரியர்கள் மன்னிப்பார்கள். டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிவினாடி ஆகிறது. கேட்ட தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் அந்த முனையைத் தாங்கும் கை உரிய தடத்துக்கு நகர வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிவினாடி. கூட்டினால் ஏறக்குறைய 17. ஆக, ஒரு மாத்திரைக்குள் ஹார்டு டிஸ்க் பதினைந்து இடங்களைத் தேடி எடுக்கும். எஸ்எஸ்டிக்குள் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு தேடலுக்கு 0.1 மில்லிவினாடி போதும். அதே மாத்திரையில் 2500 இடங்கள்! கணினி விழித்தெழும்போது ஒரே பெரிய கோப்பை நேராக வாசிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்குகிறது. வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

இனி சோதனை. ஸ்டாப்வாட்ச் போனில் இருக்கிறது, போன் சார்ஜில் இருந்தது. எனவே நேரத்தை மடக்கால் அளந்தேன். பழைய டிஸ்கில், சுவிட்சைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய், டிகாஷன் இறக்கி, பால் காய்ச்சி, கலந்து, ஆற்றி எடுத்துவந்து கடைசி மடக்கை விழுங்கும்போது திரை வரும். வந்த பிறகும் எதைச் சொடுக்கினாலும் அசையாது. தலைவன் வாசலில் நிற்கிறான், செருப்பைக் கழற்றவில்லை என்ற நிலை. எஸ்எஸ்டி போட்ட மறுநாள் காலை வீட்டிலிருந்து வந்த எதிர்வினையை அப்படியே பதிவு செய்கிறேன்: "ஏங்க, இன்னும் பாலே பொங்கல, அதுக்குள்ள வந்து உக்காந்துட்டீங்க?" முடிவு: சுழி மடக்கு.

ஆயினும் என் வாழ்க்கை நூற்றெழுபது மடங்கு வேகமாகிவிடவில்லை. இதற்கான காரணத்தை ஜீன் அம்டால் 1967இலேயே சொல்லிவிட்டார்: ஒரு பகுதியை எவ்வளவு விரைவாக்கினாலும், மொத்த வேலையில் அந்தப் பகுதிக்குள்ள பங்கைத் தாண்டி லாபம் கிடைக்காது. காய் நறுக்க மெஷின் வந்தாலும் குழம்பு கொதிக்கிற நேரத்துக்குத்தான் கொதிக்கும். வீடியோவைச் சுருக்குவது பிராசசரின் பாடு. அது பழைய வேகத்திலேயே நடக்கிறது. ஓடிபி வருகிறபோதுதான் வருகிறது.

இந்த விதியை அறியாத நண்பர் ஒருவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாட்டா வகை எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கினார். முன்னது வினாடிக்குச் சுமார் 550 மெகாபைட், பின்னது 3500. காகிதத்தில் ஆறு மடங்கு. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது அது உண்மையும்கூட. ஆனால் அவர் வீட்டுக் காபியில் ஒரு மடக்கும் மிச்சமாகவில்லை. சின்னக் கோப்புகளைப் பொறுக்குவதில் இரண்டுக்கும் அவ்வளவு தூரமில்லை. சுழலும் டிஸ்க் வைத்திருப்பவர் இன்றே மாற்றட்டும். சாட்டா எஸ்எஸ்டி இருப்பவர் அந்தப் பணத்துக்குக் காபித்தூள் வாங்கலாம்.

நெய்தலையும் சொல்லியாக வேண்டும். அதன் உரிப்பொருள் இரங்கல். ஹார்டு டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் 'கடக் கடக்' என்று முனகிவிட்டுச் சாகும். எஸ்எஸ்டிக்கு முனக உறுப்பில்லை. நேற்று மாலை இருந்தது, இன்று காலை இல்லை என்று ஆகிவிடலாம். அதனால் என் பழைய டிஸ்கை ஓர் உறைக்குள் போட்டு, ஞாயிறுதோறும் பேக்கப் எடுக்கிறேன். நகலாகி முடிய நேரம் பிடிக்கிறது. அதுவரை காபி.